முதலில் பிரேக், பிறகு வேகம்



கோடை விடுமுறை வந்தாலே உங்களில் பலர் பிள்ளைகளைக் கோ-கார்ட் ஓட்ட அழைத்துப்போய்ப் படம் போடுகிறீர்கள். போன வாரம் ஒன்பதாம் வகுப்பு முடித்த என் பேத்தியும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய வட்ட இயக்கப் பாடம் அங்கே தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வண்டி. வாடகைக்குத் தரும் கார்ட்டில் கியர் மாற்றும் வேலையும் கிளட்ச் பெடலும் இல்லை. வலது காலுக்கு ஆக்சிலரேட்டர், இடது காலுக்கு பிரேக். இரண்டையும் ஒருசேர மிதிக்கக் கூடாது. ஷாக் அப்சார்பர் கிடையாது. குலுக்கல் நேராக முதுகுக்கு வரும். முதுகுவலிக்காரர்கள் என்னைப் போல வேடிக்கை பார்ப்பதே நல்லது.

பேத்தி முதல் சுற்றிலிருந்தே எல்லா வளைவிலும் முழு வேகத்தில் நுழைந்தாள். டயர் கீச்சிட்டது. இரண்டு முறை வண்டி சுழன்று, வந்த வழியையே பார்த்து நின்றது. அவளைவிடச் சின்னப் பையன் ஒருவன் சத்தமே இல்லாமல் தாண்டிப் போனான்.

இறங்கி வந்தவள், "அப்புச்சி, எனக்குக் குடுத்த வண்டி சரியில்லீங்க" என்றாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது கண்ணு. அந்தப் பையன் எந்த எடத்துல பிரேக் போடறான்னு மட்டும் பாரு" என்றேன்.

வேலியோரம் நின்று பார்த்தோம். அவன் நேர்பாதையிலேயே, ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டான்.

காரணம் எளிது. வளைவில் வண்டியை உள்நோக்கிப் பிடித்து வைப்பது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு மட்டுமே. தேவைப்படும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 30 கி.மீ. வேகத்தில் திரும்பக்கூடிய வளைவில் 36 கி.மீ. வேகத்தில் நுழைந்தால் விசை 1.44 மடங்கு வேண்டும். அவ்வளவு உராய்வு இல்லையென்றால் வண்டி வழுக்கும். அதோடு, பல கார்ட்டுகளில் பிரேக் பின் அச்சில் மட்டும்தான். திரும்பிக்கொண்டிருக்கும்போது அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வண்டி சுழலும்.

அடுத்தது பாதை. வெளிவிளிம்பில் தொடங்கி, வளைவின் உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளிவிளிம்புக்கு வாருங்கள். ஆரம் பெரிதாவதால் அதே உராய்வில் கூடுதல் வேகம் கிடைக்கும். உள்விளிம்பைச் சற்றுத் தாமதமாகத் தொட்டால் வெளியேறும் வழி நேராகும். ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கலாம். அந்த வேகம் அடுத்த நேர்பாதை முழுதும் கூடவே வரும். கண் முன்சக்கரத்தில் இருக்க வேண்டாம், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். கை பார்க்கும் திசைக்குத்தான் போகும்.

இரண்டாம் தடவை பேத்தி ஒருமுறைகூடச் சுழலவில்லை. நேரச் சீட்டில் சுற்றுக்கு மூன்று விநாடி குறைந்திருந்தது. "மெதுவாப் போன மாதிரிதாங்க இருந்துச்சு" என்று அவளுக்கே ஆச்சரியம்.

கொடிகளையும் சொல்லிக் கொடுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி, வழிவிட வேண்டும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். வண்டி சுழன்று நின்றால் பிரேக்கை மிதித்தபடி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். பாதையில் இறங்கவே கூடாது.

இந்தப் பதிவை எழுதவைத்த காரணத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். அங்கே ஹெல்மெட் கொடுத்தவர் பேத்தியின் நீண்ட சடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் அதைச் சுருட்டிச் சட்டைக்குள் விடச் சொன்னேன். இருக்கைக்குப் பின்னாலேயே அச்சு சுழல்கிறது. அது பிடித்தால் விடாது. நம் நாட்டிலேயே தலைமுடி சிக்கிப் பெண்கள் உயிரிழந்திருக்கிறார்கள். துப்பட்டா, சால்வை, சேலை எதுவும் அந்த இருக்கையில் வேண்டாம். சடையைக் கட்டி உள்ளே விட்டு, ஹெல்மெட் வாரை இறுக்கி, நீங்களே ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகு பிள்ளையை அனுப்புங்கள். யாரோ பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

போய்விட்டு வந்து, எந்த வளைவில் எங்கே பிரேக் போட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் திருத்தி வெகு நாளாயிற்று.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்