சுவர் குடிக்கும் தண்ணீர்

செங்கல் சுவருக்கு வேண்டிய பொருள்கள் நான்கு: கல், மணல், சிமென்ட், தண்ணீர். முதல் மூன்றையும் சொந்த வீடு கட்டுபவர் நாலு இடத்தில் விசாரித்து, பேரம் பேசி, லாரி வந்து இறக்கும்போது கூடவே நின்று எண்ணி வாங்குகிறார். தண்ணீரை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. போர்வெல் மோட்டாரைப் போட்டால் வருகிறது, அவ்வளவுதான். ஆணி அடித்தால் சுவர் பொலபொலவென்று உதிர்கிறது, பூச்சு மயிரிழையாக வெடிக்கிறது, மூன்றாம் மழைக்குப் பிறகு அடிச்சுவரில் பெயின்ட் உரிகிறது. இப்படிப்பட்ட வீடுகளில் சிமென்ட் கம்பெனியைத் திட்டுவது வழக்கம். துருவிப் பார்த்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும்: போக வேண்டிய நேரத்தில் போகாத தண்ணீர், அல்லது ஏறக் கூடாத இடத்தில் ஏறிய தண்ணீர்.

கட்டுவேலைக் குழுவில் இந்தத் தண்ணீரைக் கையாள்பவர் கொத்தனார் அல்லர். அவர் கையில் கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல் ஆகியவை இருக்கும். கல்லை நனைப்பது, கலவை போடுவது, அதில் எவ்வளவு ஊற்றுவதென்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது, முடிந்த சுவரை மறுநாள் நனைப்பது எல்லாம் சித்தாள் வேலை. சித்தாள்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலியும் கொத்தனாருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. வீட்டுக்காரர் பேசுவதெல்லாம் மேஸ்திரியிடம். சுவரின் ஆயுள் பாதிக்கு மேல் யார் கையில் இருக்கிறதோ அவரிடம், டீ வந்துவிட்டதா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமலே பல வீடுகள் கட்டி முடிந்துவிடுகின்றன.

கல்லிலிருந்து தொடங்கலாம். நன்றாக வெந்த கல்லை இன்னொரு கல்லால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாத கல் மொத்தென்று சத்தம் தரும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. இடுப்புயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக் கூடாது. இவை மூன்றும் எல்லாருக்கும் தெரிந்த சோதனைகள். அதிகம் பேர் செய்யாத நாலாவது சோதனைதான் முக்கியம். காய்ந்த கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்து மீண்டும் எடைபோட வேண்டும். கூடிய எடை, காய்ந்த எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சாதாரணச் செங்கல்லுக்கான இந்தியத் தர அளவு. 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால் அது வெந்தது போதாது. மளிகைக் கடைத் தராசு போதும். லாரி லோடு ஆர்டர் செய்வதற்கு முதல்நாள் நாலு கல்லை வாங்கிவந்து பார்த்துவிடலாம். கல்லில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தட்டில் விரலளவு தண்ணீர் விட்டுக் கல்லை அதில் நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீர் ஏறி உலர்ந்த பிறகு கல்மேல் வெள்ளை பூத்தால், பின்னால் சுவரிலும் பூக்கும்.

நல்ல கல்லும் காய்ந்த நிலையில் சுவருக்கு எதிரிதான். காய்ந்த கல்லைக் கலவைமேல் வைத்தால், கலவையிலிருக்கும் தண்ணீரை அது நிமிடத்தில் உறிஞ்சிவிடும். சிமென்ட் உலர்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. அந்த வினைக்கே தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் அதற்குத் தேவை. அதைக் கல் பறித்துக்கொண்டால் இணைப்பில் மிஞ்சுவது சிமென்ட் கலந்த மணல்தான். கரணை முனையால் சுரண்டினால் மாவாகக் கொட்டும் இணைப்புகளின் கதை இதுவே. லாரியிலிருந்து இறக்கிய கல் குவியல்மேல் ஓஸைப் பிடித்து நாலு சுற்று அடிப்பதை நனைத்தல் என்று சொல்வதற்கில்லை. மேலே இருக்கும் கல்லின் தோல் நனையும்; அடியிலிருப்பது அப்படியே இருக்கும்.

திருச்சியை ஒட்டிய புதுமனைப் பகுதி ஒன்றில் இக்கட்டுரையாளர் பார்த்த களத்தில், கல்லால் நாலு புறமும் கட்டிப் பூசிய சின்னத் தொட்டி ஒன்று கல் நனைக்கவே இருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சித்தாள் ஒருவர் அதன் பொறுப்பாளர். சாரத்தின் மேலிருந்து இளம் கொத்தனார், "அக்கா, கல்லு ஏத்துங்க, கலவை இறுகுது" என்று இரண்டு முறை கூப்பிட்டார். தொட்டியில் குமிழிகள் இன்னும் மேலே வந்துகொண்டிருந்தன. "கொப்புளம் அடங்கட்டும் தம்பி, இன்னும் குடிக்குது" என்று பதில் போனது. பொறியியல் பாடத்தில் ஒரு பத்தி பிடிக்கும் செய்தி அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. குமிழி நின்ற பிறகு எடுத்த கல்லை உடனே சுவரில் வைக்கவுமில்லை. பலகைமேல் சாய்த்து, மேல் ஈரம் வடியவிட்டுத்தான் ஏற்றினார். தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் கல் கலவையில் நழுவும், சுவர் மட்டம் தவறும்.

இந்த விதி சுட்ட செங்கல்லுக்கு மட்டும் உரியது. சாம்பல் கல் என்கிற ஃப்ளை ஆஷ் கல்லையும், லேசான ஏ.ஏ.சி. பிளாக்கையும் ஊறவைக்கக் கூடாது. மேலே தண்ணீர் தெளித்தால் போதும். ஊறிய பிளாக் சுவரில் நின்று காயும்போது சுருங்கி வெடிப்பு விடுகிறது. செங்கல்லில் கைப்பழக்கம் உள்ள குழுவிடம் பிளாக் வேலையைக் கொடுக்கும்போது இதை முதல்நாளே சொல்லிவிட வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. குடிக்கத் தகுந்த தண்ணீர் கட்டவும் தகும் என்பது பழைய அளவுகோல், இன்றும் செல்லும். கடற்கரை ஊர்களில் போர்வெல் நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் கம்பி போட்ட கான்கிரீட்டில் ஊற்றக் கூடாது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. கம்பி இல்லாததற்கு 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. உப்பு கான்கிரீட்டைவிடக் கம்பியைத்தான் முதலில் தின்கிறது என்பதால் இந்த வித்தியாசம். செங்கல் சுவரில் கம்பி இல்லாவிட்டாலும் உப்புநீர் பூச்சில் வெள்ளையாக வெளிப்பட்டுப் பெயின்ட்டைத் தள்ளும்.

சுவர் எழும்புவதற்கு முன், தரைமட்டத்தில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மண்ணிலிருந்து ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். அதை மறிக்க அடிச்சுவரின் தலையில், தரையும் சுவரும் சந்திக்கும் மட்டத்தில், நீர்த்தடுப்புப் பொருள் கலந்த கான்கிரீட் பட்டை ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் கனத்தில் போட்டு, மேலே தார் பூசுவது முறை. களத்தில் இதற்கு டி.பி.சி. என்று பெயர். அடிமட்டத்தில் கான்கிரீட் பிளிந்த் பீம் போட்டாகிவிட்டது, அதுவே தடுக்கும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நெருக்கமாக வார்த்த பீம் ஓரளவு தடுக்கும். உள்ளே தேன்கூடுபோல ஓட்டை விழுந்த பீம் தடுக்காது. செலவு சொற்பம், வேலை ஒரு நாள். விட்டுப்போனால் பிறகு திருத்தச் சுவரின் அடியைத் துளைத்து மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். அதுவும் முழுதாகக் குணமாக்கும் என்று சொல்ல முடியாது.

கலவையில் கணக்கு தப்புவதற்கு வழிகள் அதிகம். ஒரு கல் கனமுள்ள ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல், அரைக்கல் கனமுள்ள நாலரை அங்குலச் சுவருக்கு நாலு பங்கு மணல் என்பது வழக்கம். 50 கிலோ மூட்டையின் கொள்ளளவு ஏறக்குறைய 35 லிட்டர். உள்ளளவில் 40க்கு 35க்கு 25 சென்டிமீட்டர் உள்ள மரப்பெட்டி சரியாக அந்த அளவு கொள்ளும். தச்சரிடம் சொன்னால் அரை நாளில் செய்துதருவார். பெட்டி இல்லாத களத்தில் பாண்டுச் சட்டிதான் அளவு. ஒருவர் தலைதட்டிப் போடுவார், இன்னொருவர் கோபுரமாகக் குவிப்பார். பெட்டி இருந்தும் ஏமாற்றும் ஒன்று மணலின் ஈரம். லேசாக நனைந்த மணல் உப்பிக்கொள்ளும், கொள்ளளவு கால் பங்குக்கு மேல்கூடக் கூடும். மழை பெய்த மறுநாள் ஆறு பெட்டி போட்டால் உண்மையில் ஐந்தைவிடக் குறைவாகவே மணல் விழுந்திருக்கும். சிமென்ட் மிஞ்சுவது நல்லதுதானே என்று தோன்றும். மிஞ்சிய சிமென்ட்டும் சுருக்க வெடிப்பைக் கொண்டுவரும்.

மணலையும் சிமென்ட்டையும் ஒரே நிறமாகும்வரை உலர்வாகப் புரட்டிய பிறகே தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும். சாயங்காலம் இறுகத் தொடங்கிய மிச்சக் கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது பல களங்களில் கண்முன்னே நடக்கிறது. குழைத்தால் பார்க்கப் புதிது போலவே இருக்கும். பிடிப்பு மட்டும் போயிருக்கும். தண்ணீர் கூடக் கூட வேலை எளிதாகும், மிகுதித் தண்ணீர் ஆவியான இடத்தில் துளைகள் தங்கும். கரணையில் எடுத்த கலவை சரிந்து ஓடாமல், உருண்டையாகவும் நிற்காமல், மெல்லப் பரவ வேண்டும்.

ஈரச் சிமென்ட் காரத்தன்மை கொண்டது. நாள் முழுக்கக் கையால் அள்ளும் சித்தாள்களின் விரலிடுக்குகளில் தோல் வெடித்திருக்கும். இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார்கள். ரப்பர் கையுறை ஒரு ஜோடி, சிமென்ட் மூட்டையின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கொத்தனார் வாங்கித் தர மாட்டார். வீட்டுக்காரர் வாங்கிவைத்தால் போடுகிறார்கள்.

கல் வைக்கும் வேலையில் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை சிலவே. படுக்கை இணைப்பு நிறைவாக விழும், கனமும் 10 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள நிற்கும் இணைப்பில்தான் வேகம் தெரியும்: இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் அப்பிவிட்டு நடுவை வெற்றிடமாக விடுவது. பூச்சு விழுந்துவிட்டால் இது எவருக்கும் தெரியாது, மழைச்சாரலுக்கு மட்டும் தெரியும். கல்லின் பள்ளம் மேலே பார்த்திருக்க வேண்டும். மேல்வரிசை நிற்கும் இணைப்பு கீழ்வரிசை இணைப்பின் நேர்மேல் வரக் கூடாது. ஒரே நாளில் சுவரை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தினால் அடிவரிசையின் பச்சைக் கலவை பாரம் தாங்காமல் பிதுங்கும். பேசிய தொகைக்கு மொத்தக் குத்தகையாக விட்ட வேலையில் இந்த உயர விதிதான் முதலில் மீறப்படுகிறது. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் வேகம் வரும் என்பதைப் பேசும்போதே எதிர்பார்த்திருக்க வேண்டும். பூசப்போகும் சுவரில் இணைப்புகளை அன்றே, கலவை பச்சையாக இருக்கும்போதே, அரை அங்குலம் சுரண்டிவைத்தால் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

இனி நீராற்றுதல். களத்தில் கியூரிங் என்றும், வெறுமனே தண்ணி அடிக்கிறது என்றும் சொல்வார்கள். கட்டிய மறுநாள் காலையிலிருந்து ஏழு நாள் சுவர் காயாமல் இருக்க வேண்டும். காயாமல் என்ற சொல்லுக்குத்தான் அழுத்தம். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை என்று அடித்தால், சித்திரை வெயிலில் நடுப்பகல் முழுவதும் சுவர் வறண்டு கிடக்கும். வெயில் காலத்தில் மூன்று நான்கு தடவையாவது தேவை. பச்சைச் சுவரில் ஓஸை அழுத்திப் பீய்ச்சினால் கலவை கரைந்து ஓடும். முதல்நாள் பூவாகத் தெளிப்பதே சரி.

கான்கிரீட்டுக்குக் கணக்கு வேறு. ஓ.பி.சி. என்கிற சாதாரணச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் மெதுவாக வலுப்பெறுவது என்பதால் அதற்கு 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் இவை முறையே 10, 14 நாள் என்று நீள்கின்றன. வீட்டு வேலைக்கு இன்று பெரும்பாலும் வருவது பி.பி.சி. மூட்டைதான், மூட்டையைப் படித்துப் பார்த்தால் தெரியும். ஆகவே ஏழு நாள் போதும் என்ற பழைய பேச்சு அதற்குச் செல்லாது. தளத்தில் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துகிறார்கள், அது நன்றாகவே நடக்கிறது. தளத்தைப் படம்பிடித்து உறவினர்களுக்கு அனுப்பவும் வசதி. தூண்களைத்தான் மறந்துவிடுகிறார்கள். செங்குத்தாக நிற்பதன்மேல் தண்ணீர் தங்காது. ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி அந்தச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் நீராற்றுதலின் ஓட்டைகள். குழு வராது, சுவர் மட்டும் வெயிலில் நிற்கும். தண்ணீர் அடிக்க மட்டும் ஒருவருக்கு அரைநாள் கூலி பேசிக்கொள்வது நல்லது. இந்தப் பேச்சை வேலை தொடங்குமுன் மேஸ்திரியோடு முடித்து, அந்தக் கூலி சித்தாள் கைக்கே போகும்படி செய்வது இன்னும் நல்லது.

கூலிக்கு அப்பால் ஒரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982இல் வந்தது. அதன்கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து, மகப்பேறு, பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. கட்டடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகிறது. வரைபட அனுமதியின்போது அந்த வரியைச் செலுத்தும் வீட்டுக்காரர், தன் களத்தில் கல் சுமக்கும் பெண்ணிடம் வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்று கேட்பது பெரிய சிரமமில்லை.

கடைசியில் பூச்சு. பூசுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். இல்லையேல் கல்லும் கலவையும் நடத்திய அதே இழுபறி இங்கே திரும்ப நடக்கும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் கோழிவலையை ஆணியடித்து அதன்மேல் பூசினால் வெடிப்பு கட்டுப்படும். மணியாஸ் கட்டையால் தேய்த்து முடித்த பூச்சுக்கும் ஏழு நாள் தண்ணீர். ஆனால் கடைசிச் சுவரைப் பூசிய அன்றே சாரம் பிரித்து, பாண்டும் பலகையும் ஆட்டோவில் ஏறி, குழு அடுத்த களத்துக்குப் போய்விடும். தரைக்கும் பெயின்ட்டுக்கும் வேறு ஆள்கள் வருவார்கள். தண்ணீர் அவர்கள் வேலையல்ல. அந்த ஏழு நாள் ஓஸைப் பிடிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.