கென்டக்கியில் கண்ட கார்கள்

அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் பணிபுரியும் தங்கை மகனின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, "மாமா, கார்களுக்கென்றே கட்டிய மியூசியம் ஒன்று இருக்கிறது, போய் வருவோம்" என்றார் மருமகன். காரில் ஏறிச் சென்று கார்களைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றியது. ஆனாலும் பிள்ளையின் ஆசையைத் தட்ட மனம் வரவில்லை. அவருடைய நான்கு வயது மகளும் உடன் வந்தாள்.

வடக்கு நோக்கி நூறு கிலோமீட்டர் போல் சென்றால் கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் என்னும் நகரம் வருகிறது. நெடுஞ்சாலையிலிருந்தே ஒரு மஞ்சள் நிறக் கூம்பும், அதனைத் துளைத்து மேலெழும் சிவப்புக் கம்பமும் தெரிகின்றன. அதுவே 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கார்வெட் மியூசியம். செவர்லே நிறுவனத்தின் கார்வெட் என்னும் விளையாட்டுக் கார் 1981 முதல் இவ்வூர்த் தொழிற்சாலையில்தான் உருவாகிறது. 1953இல் முதன்முதலாக முந்நூறே முந்நூறு கார்கள், அத்தனையும் வெண்ணிறத்தில், செய்யப்பட்டனவாம். உடற்பகுதி இரும்பன்று, பைபர் கிளாஸ்.

கூம்பின் உட்புறத்தில் ஒரு பெருவட்ட மண்டபம். 2014 பிப்ரவரி 12 அன்று விடியற்காலை, இம்மண்டபத்தின் தரை திடீரெனப் பிளந்து எட்டுக் கார்களை விழுங்கிற்று. நாற்பதடி அகலம், அறுபதடி நீளம், முப்பதடி ஆழம். இவ்வட்டாரமே சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்த பூமி. மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்து நிலத்தடியில் குகைகளை உண்டாக்குகிறது. உலகிலேயே மிக நீண்டதாக அறியப்பட்டிருக்கும் மம்மத் குகை இங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. அளந்தறிந்த வழிகளே 400 மைலுக்கு மேல்! இறைவன் அருளால் அவ்வேளையில் உள்ளே ஒருவரும் இல்லை. பள்ளத்தை மூடிவிட்டார்கள். கார்களை எடுத்து மூன்றினை மட்டும் பழையபடி செப்பனிட்டு, ஐந்தினை நசுங்கிய கோலத்திலேயே காட்சிக்கு வைத்துள்ளனர். முகம் சப்பையாகிப் போன ஒரு காரின் முன் குழந்தை நெடுநேரம் நின்று, "இதுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள்.

செப்பனிடப்பட்ட மூன்றில் ஒன்று 1962ஆம் ஆண்டின் கறுப்புக் கார். நமக்குக் கார்களைப் பற்றிய பாடம் தொடங்கியது அதன் அருகில்தான். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றிச் சொல்வதுபோல மருமகன் சொல்லத் தொடங்கினார்.

1962இன் கார், முதற்காரிலிருந்து வழிவழியாக வந்த அடிச்சட்டத்தைக் கொண்ட கடைசிக் கார். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பிணைந்தவை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றொன்றும் சாயும். முகப்பு விளக்குகள் கண் திறந்தபடி வெளியே தெரியும். அடுத்த ஆண்டே, 1963இல், எல்லாம் மாறிற்று. பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைந்தன. விளக்குகள் மூக்கினுள் மறைந்து, வேண்டும்போது மோட்டாரினால் சுழன்று வெளிவந்தன. மூடிய கூரையுடைய கார் முதன்முதலாகக் கிடைத்தது. வெளியிலிருந்து திறக்கும் டிக்கி மட்டும் இல்லாமற் போயிற்று. பெட்டி படுக்கையை இருக்கைக்குப் பின்னால் திணித்துக்கொள்ள வேண்டியதுதான். விந்தை என்னவெனில் எஞ்சின் மாறவில்லை. உயர்ந்த எஞ்சினின் ஆற்றல் இரண்டு ஆண்டுகளிலும் அதே 360 குதிரைத்திறன்தான்.

சற்றுத் தள்ளி அந்த 1963ஆம் ஆண்டுக் கார் நின்றது. பின்புறம் சென்று பார்த்த நாமே வாயடைத்துப் போனோம். கூரையின் நடுவிலிருந்து முதுகெலும்புபோல ஒரு பட்டை இறங்கி வந்து, பின்கண்ணாடியை இரண்டாகப் பிளக்கிறது. கடலில் விரையும் மீனின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் உயிராய் மதித்த பட்டை அது. எஞ்சினியரான ஸோரா ஆர்க்கஸ்-டன்டாவோ அதனை அடியோடு வெறுத்தார். ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போது, பார்க்க வேண்டிய நடுவிடத்தையே அது மறைக்கிறது என்பது அவர் வழக்கு. 1963இல் வென்றவர் மிட்செல். 1964இல் பட்டை நீக்கப்பட்டு ஒரே கண்ணாடி வந்தது. டன்டாவ் 1996இல் காலமானார். அவருடைய அஸ்தி இம்மியூசியத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

1964இல் வேறு சில திருத்தங்களும் உண்டு. எஞ்சின் பானட்டின் மேல் காற்று புகும் வழிபோலப் பாவனை காட்டிய இரண்டு போலி கிரில்கள் எடுக்கப்பட்டன. அவை பதிந்திருந்த பள்ளங்கள் மட்டும் எஞ்சின. ஸ்பிரிங்குகள் சற்று மென்மையாயின. உயர்ந்த எஞ்சின் 375 குதிரைத்திறனுக்கு ஏறியது. ஆக, ஓட்டுகிறவனுக்கு 1964தான் நல்ல கார். ஆனால் முந்திய ஆண்டில் 10,594 விற்ற மூடிய கார், இவ்வாண்டில் 8,304தான் விற்றது. கூரை திறந்த காரோ பத்தாயிரத்துச் சொச்சத்திலிருந்து பதின்மூவாயிரத்துச் சொச்சத்திற்கு உயர்ந்தது. இன்றைக்குச் செல்வந்தர்கள் ஏலத்தில் போட்டியிடுவதும் ஓராண்டு மட்டுமே வந்த அந்தப் பிளவுக் கண்ணாடிக்குத்தான்.

"திருத்துகிறோம் என்று கெடுத்துவிட்டார்கள் மாமா!" என்றார் மருமகன். நமக்கு அது முழுதும் ஒப்பவில்லை. கண் தெரியாத அழகு எதற்கு என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டார்.

இன்னொரு மூலையில் 1983ஆம் ஆண்டின் ஒரே கார் இருக்கிறது. அவ்வாண்டுக்கெனச் செய்த 43 சோதனைக் கார்களில் எஞ்சியது அது ஒன்றே. புது மாதிரியை ஆயத்தம் செய்வதில் காலம் கடந்துவிட்டதால், நிறுவனம் 1983 என்னும் ஆண்டையே தாண்டி, 1984 என்ற பெயரிலேயே விற்றுவிட்டதாம். ஓர் ஆண்டையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவது வியாபாரிகளால் மட்டுமே ஆகும்!

வெளியே வந்தோம். கார்வெட் கொண்டு வருவோர்க்கென ஒதுக்கிய இடத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது. பின்கண்ணாடி ஒன்றே. புதிதாகக் கற்ற பெருமையில், "இது 1964" என்று முந்திக்கொண்டோம். மருமகன் முன்புறம் சென்று குனிந்தார். பானட்டில் இரண்டு போலி கிரில்களும் அப்படியே இருந்தன.

"இல்லை மாமா, 1963. பட்டையை அறுத்தெடுத்துவிட்டு 1964இன் கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பலர் இப்படிச் செய்தார்கள். எவ்வளவு பணம் போயிற்று!"

காரின் உரிமையாளர் பின்னால் நின்றிருந்ததை நாம் கவனிக்கவில்லை. எண்பதைக் கடந்த முதியவர். தமிழ் புரியாவிட்டாலும் மருமகனின் கை எதைச் சுட்டியது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கோபிக்கவில்லை. இக்கேள்வியைப் பலர் கேட்டிருப்பார்கள் போலும். திருமணமான புதிதில் வாங்கிய கார் என்றார். ஒரு நாள் வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி எடுத்தபோது மனைவி அலறிய சத்தம் கேட்டு நிறுத்தினாராம். இறங்கிப் பார்த்தால், அண்டை வீட்டுச் சிறுவன் மூன்று சக்கர வண்டியோடு, ஒரு முழ தூரத்தில். அடுத்த வாரமே பட்டறைக்குச் சென்று பட்டையை அறுத்துவிட்டார்.

"வருத்தம் உண்டா ஐயா?" என்று மருமகன் வழியாகக் கேட்டோம்.

சற்று யோசித்தார். மனைவிக்கு அந்தப் பட்டை மிகவும் பிடிக்கும் என்றார். அறுத்த அன்று அவள் பட்டறைக்கு வரவே இல்லையாம். "அலறியவளும் அவள்தான்" என்று மெல்லச் சொன்னார். அச்சிறுவனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டையைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், வாங்கிப் பொருத்திவிடலாம் என்று மகன் வற்புறுத்துகிறாராம். "எனக்குப் பிறகு அவன் விருப்பம்" என்று சொல்லிக் கதவைத் திறந்து மெதுவாக அமர்ந்தார்.

எஞ்சின் உறுமியதும் மருமகன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். முதியவர் தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே இருபுறமும் ஒருமுறை பார்த்தார். பிறகு மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காரைப் பின்னோக்கி எடுத்தார்.