கை நுழையும் இடம்

மதுரை புது மண்டபத்தில், திருமலை நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்களை ஒட்டியே பல தலைமுறைகளாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. அழகர் வேடம் கட்டுவோருக்கு உடுப்புத் தைத்துப் பழகிய டெய்லர்கள் அவர்கள். நான் போனது பாக்கெட் தைப்பதைப் பார்க்க.

எழுபதை நெருங்கும் டெய்லர் ஒருவர் பேன்ட்டின் பின்பக்கத்துக்கு 'போன் பாக்கெட்' (bone pocket) போட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட் வேலையில் கஷ்டமானது இதுதான். நல்ல துணியின் நடுவிலேயே கத்தரி வைக்க வேண்டும். சாக்கால் கோடு போட்டு, இரண்டு மெல்லிய பட்டிகளை அடுத்தடுத்து ஓட்டி, நடுவே வெட்டிக்கொண்டு போனார். முனைக்குச் சற்று முன்னால் வெட்டு இரண்டாகப் பிரிந்து மூலைகளை நோக்கிச் சாய்ந்தது. "கடைசித் தையலுக்கு ஒரு நூல் முன்னாடி நிக்கணும் தாயி. தாண்டுனா ஓட்டை. தயங்குனா மூலையில சுருக்கம்." பட்டிகளை உள்ளே திருப்பி இழுத்ததும் இரண்டு உதடுகள் சேர்ந்து மூடிக்கொண்டன.

பாக்கெட் முதலில் கிழிவது இந்த மூலைகளில்தான். கையும் சாவியும் ஓயாமல் இழுக்கிற இடம் அது. அமெரிக்காவின் ரெனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற டெய்லர் இதற்குச் செப்பு ரிவெட் அடித்தார். லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873இல் காப்புரிமை பெற்றார். ஜீன்ஸ் பிறந்த கதை அது. மதுரைக்காரர் மூலையில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தையல் ஓட்டுகிறார். உள்பையை ஒருமுறை தைத்து, திருப்பிப் போட்டு, மறுபடி தைக்கிறார். பிசிறு உள்ளுக்குள் அடைபட்டுவிடுவதால் சில்லறை நூலைப் பிடித்து இழுக்காது. யார் கண்ணிலும் படாத இந்த இரண்டாவது தையலில்தான் ஒரு டெய்லரின் நேர்மை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

வழக்கமான வேட்டிக்குப் பை கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்தது பட்டாபட்டி டிராயர். அதன் பாக்கெட்டில் கை மணிக்கட்டைத் தாண்டி இறங்கும். பீடிக்கட்டு, சில்லறை, மடித்த ரூபாய்த்தாள் எல்லாம் அதில்தான். ஆண்களுக்கு உள்ளாடையில்கூடப் பை வைத்த ஊரில், ரெடிமேட் சுடிதார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பை இல்லை. அப்படியே இருந்தாலும் செல்போன் பாதி வெளியே நிற்கும். வேலைக்குப் போகிற பெண்ணுக்குச் செய்கிற அநியாயம் இது.

நான் இருக்கும்போதே காய்கறி விற்கும் அம்மா ஒருவர் உள்பாவாடைத் துணியோடு வந்தார். நாடா மடிப்பிலேயே பையின் தலையைச் சேர்த்துத் தைத்துத் தருவதாகச் சொன்னார் டெய்லர். அப்போதுதான் பாரத்தை இடுப்பு தாங்கும், துணி இழுபடாது. வாய்க்கு ஜிப். அகலம், அந்த அம்மாவின் கை மடக்கிய நோட்டோடு போய்வருகிற அளவு. வலப்பக்கம் சாக்கால் குறி வைக்கப் போனவரை அவர் தடுத்தார்.

"வலது கை தராசுல இருக்கும்ணே. இடப்பக்கம் வைங்க. கொஞ்சம் முன்னாடி தள்ளி. நான் நாள் பூரா குத்தவச்சுல்ல இருக்கேன்!"

அவரையே உட்காரச் சொல்லி, உட்கார்ந்த வாக்கில் கை எட்டுகிற இடம் பார்த்துக் குறி வைத்தார் டெய்லர்.