மார்க் இல்லை என்று சொன்னேன்

பிள்ளைகளிடம் மார்க் கிடையாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் மார்க் போட்டேன். ஒரு கதைப் புத்தகத்தைப் படிக்கக் கேட்டதற்காக, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு. அதில் என் மகளும் உண்டு. என்னை நம்பி மற்றவர்கள் அனுப்பிய பிள்ளைகளும் உண்டு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பயத்திலும் பெருமையிலும் நானே செய்தேன். முழுவதையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். கதைப் பாடத்தைக்கூட புக் பேக் கேள்வியாக்கி, விடையை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் வேலை. அது பிடிக்காமல் வெளியே வந்தேன். மகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தேன். சொந்தக்காரர்கள் யாருக்கும் இதில் சம்மதமில்லை. "பத்தாவதுக்கு என்ன பண்ணுவே?" என்பார்கள். திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது, 14 வயது முடிந்தால் அங்கே எழுதலாம் என்பேன். கட்டாயக் கல்விச் சட்டம் என்று ஒருவர் எடுப்பார். 2009-இல் வந்த அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பேசுகிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை என்று வாதாடுவேன். வாய் வாதாடும். வயிற்றுக்குள் பயம் இருக்கும். அந்தப் பயத்தை நான் ஒருநாளும் வெளியில் காட்டியதில்லை. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. "நீ டீச்சர், உனக்குத் தெரியும்" என்று அவர் விட்டுவிட்டார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

மகளுக்காக எடுத்த புத்தகம் 'சார்லட்ஸ் வெப்'. அமெரிக்க எழுத்தாளர் ஈ.பி. ஒயிட் எழுதி, கார்த் வில்லியம்ஸ் படம் வரைந்து 1952-இல் வந்த நாவல். வில்பர் ஒரு நோஞ்சான் பன்றிக்குட்டி. பிறந்த அன்றே கோடரிக்குப் போயிருக்க வேண்டியது. ஃபெர்ன் என்ற சிறுமி அழுது தடுக்கிறாள். பிறகு ஆறு டாலருக்கு உறவினர் ஒருவரின் தொழுவத்துக்கு விற்கிறார்கள். பனிக்காலம் வந்தால் அங்கே வெட்டு நிச்சயம். தொழுவத்தில் வலை கட்டியிருக்கும் சார்லட் என்ற சிலந்தி, வலையில் சொற்களைப் பின்னிப் பின்னி அதன் உயிரைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றிய சிலந்தி, கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் சந்தைத் திடலில் தனியாகச் செத்துப்போகிறது. மொத்தம் 22 அத்தியாயம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. அதை இன்றும் மறுக்க மாட்டேன். சாயங்காலத்தில் ஓர் அத்தியாயம். நான் உரக்கப் படிப்பேன், அவள் கேட்பாள். அருஞ்சொற்பொருள் இல்லை. கேள்வித்தாள் இல்லை. படித்து முடித்ததும், தோன்றினால் கதையைத் தன் வார்த்தையில் சொல்லலாம். இங்கிலாந்தில் ஆம்பிள்சைடில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய சார்லட் மேசன் வலியுறுத்திய முறை அது. ஒரே தடவை வாசிப்பு, பிறகு பிள்ளை திருப்பிச் சொல்வது. நடுவில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. தோட்டத்தில் சிலந்தி பார்ப்பது, படம் வரைவது எல்லாம் அவள் விருப்பம். சனிக்கிழமைகளில் தெரிந்த குடும்பங்களின் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். அவர்கள் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்களிடம் ஜான் ஹோல்ட்டைப் பற்றிப் பேசினேன். ஆசிரியர்கள் எப்படிப் பிள்ளைகளை வாசிப்பை வெறுக்க வைக்கிறோம் என்று 1967-இல் கட்டுரை எழுதியவர். தானும் கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளைத் துரத்தியவன்தான் என்று அதில் அவரே ஒப்புக்கொண்டார். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த நிமிர்வு எனக்கே ஞாபகம் இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை என்ற நிமிர்வு.

அதே வாரம் ஒரு நோட்டு வாங்கினேன்.

இடது பக்கம் பிள்ளையின் பெயர். வலது பக்கம் பத்துக்கு எத்தனை. திருப்பிச் சொல்வதில் வரிசை சரியா, புதிய சொல் வந்ததா, 'கருத்து' பிடிபட்டதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. நாளைக்கு எவராவது "இவளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காகத்தான். பிள்ளைக்கு அதனால் ஒரு பலனும் இல்லை என்று எழுதும்போதே தெரியும். எனக்கு அது கவசம்.

சார்லட் தன் காலின் ஏழு பாகங்களின் பெயரை வில்பரிடம் அடுக்கும் ஓர் இடம் வரும். அதைப் படித்த மறுநாள் காலையில் மகள் என்னைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். செம்பருத்திச் செடிக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு வலை. நட்டநடுவில் ஒரு சிலந்தி தலைகீழாக, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி மாதிரி வைத்திருந்தது. கால் நுனியிலிருந்து வலையில் வெள்ளையாக நெளிநெளியாக ஒரு கோடு. ஆர்கியோப் இனத்துச் சிலந்தி. "அம்மா, இதுவும் எழுதுது" என்றாள். மூச்சு வாங்கச் சொன்னாள். நான் என்ன செய்தேன்? "சரி, கால்ல எத்தனை பாகம், எண்ணிச் சொல்லு" என்றேன். அவள் எண்ணினாள். பாதியில் எண்ணிக்கை தப்பியது. வலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து 5 என்று எழுதினேன்.

இன்னொரு நாள். கணவரின் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மாமியார் அங்கே சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்றை வளர்த்துவந்தார். விடுமுறைக்குப் போனபோது என் மகள்தான் அதற்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டாள். வில்பரை வெட்டப் போகிறார்கள் என்று தொழுவத்துக் கிழ ஆடு போட்டு உடைக்கும் அத்தியாயம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "ஆச்சி அந்தக் கிடாவ செல்லமா கூப்பிடுவாங்கல்ல? அப்புறம் எப்படிம்மா வெட்ட விடுவாங்க?"

அந்த நாவலை வைத்து ஒரு பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடப் பெரியது இல்லை. ஒயிட்டின் சொந்தக் கேள்வியும் அதுதான். மெய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர் அவர். இறைச்சிக்காக வளர்த்த பன்றி நோயில் விழுந்தபோது ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்து, காப்பாற்ற முடியாமல் போனதை 1948-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். தெரிந்தே நழுவினேன். மாமியாரிடம் ஏதாவது கேட்டு வைப்பாளோ, வீட்டில் வைத்து இதைத்தான் சொல்லித் தருகிறாயா என்று வருமோ என்று பயந்தேன். "அது வேற விஷயம். கதையில என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு" என்றேன். சொன்னாள். நோட்டில் 'கதைக்கு வெளியே போகிறாள்' என்று எழுதி இரண்டு மார்க் குறைத்தேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. சார்லட் சாகும் அத்தியாயம்.

1970-இல் இந்த நாவலை ஒயிட் தன் குரலிலேயே ஒலிப்பதிவு செய்தார். இந்தப் பகுதியைக் குரல் உடையாமல் படித்து முடிக்க அவருக்கு 17 முறை ஆனது என்று பதிவைத் தயாரித்தவர் சொல்லியிருக்கிறார். எழுதியவராலேயே முடியவில்லை. இதைப் போன வாரமே பிள்ளைகளுக்குச் சுவையான தகவலாகச் சொல்லியிருந்தேன். சொன்ன நானே அன்று என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

படித்து முடித்தேன். யாரும் அசையவில்லை. என் மகள் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஒரு பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மௌனத்தை அப்படியே விட்டிருக்க வேண்டும். அதற்காகத்தானே இந்தப் படிப்பையே தொடங்கினேன்? ஆனால் என் மடியில் நோட்டு இருந்தது. கட்டங்கள் காலியாக இருந்தன. "சரி, யார் முதல்ல சொல்றீங்க?" என்றேன்.

யாரும் பேசவில்லை. திரும்பவும் கேட்டேன். என் குரல் டீச்சர் குரலாக மாறிவிட்டது எனக்கே கேட்டது. நிறுத்தவில்லை. மகளின் பெயரைச் சொல்லி, "அழுதது போதும், ஆரம்பி" என்றேன். அவள் தலை தூக்கவில்லை. அப்போது ஒரு பையன் பேசினான். திக்கித் திக்கிப் பேசுகிற பையன். வாராவாரம் டெம்பிள்டன் என்ற எலியைப் பற்றி மட்டுமே சொல்வான். எலியைத் தவிர வேறு எதுவும் இவன் காதில் ஏறவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"அந்த எலி... திரும்பிப் போய்ப் பாத்திருக்கலாம்ல ஆன்ட்டி."

குப்பையிலிருந்து சொற்களைப் பொறுக்கிவந்து கொடுத்தது எலி. சிலந்தியின் முட்டைப் பையை மேலிருந்து எடுத்துத் தந்ததும் எலிதான். தன் லாபத்துக்கே எதையும் செய்யும் அந்த எலி, ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம் என்கிறான் பையன். வாரக்கணக்காக அவன் அந்த எலிக்குள் எதையோ தேடியிருக்கிறான். எனக்கு அது அன்று புரியவில்லை. 'கதையில் இல்லாதது' என்று எழுதினேன். பக்கத்தில் 3.

அடுத்த வாரம் சுண்டல் எடுக்க அடுக்களைக்குப் போனேன். நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனது என் அசட்டை. தான் வரைந்த எலிப் படத்தைத் தேடிய பையன் அதைத் திறந்துவிட்டான். தன் பெயரையும் எதிரே இருந்த எண்ணையும் படிக்க அவனுக்குத் தெரியும். நான் திரும்பி வந்தபோது எல்லாரும் நோட்டைச் சுற்றி நின்றார்கள். என் மகள் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இது எனக்கா?" என்றான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இல்லப்பா, அது வேற நோட்டு. சும்மா" என்றேன். அவன் பெயர் அதில் என் கையெழுத்தில் இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை என் பொய்யைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, மரியாதைக்காகத் தலையை ஆட்டினான்.

மகள் ஒன்றே ஒன்று சொன்னாள். "மார்க் இல்லன்னு சொன்னியே."

அன்று ராத்திரி பையனின் அம்மா போன் செய்தாள். சத்தம் போடவில்லை. "அக்கா, ஸ்கூல்ல அவனுக்கு மூணு, நாலுதான் வரும். உங்க வீட்லயாவது அது இல்லன்னுதான் அனுப்புனேன்" என்றாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பயிற்சி, பதிவு, முன்னேற்றம் என்று ஏதேதோ. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பையன் பிறகு வரவில்லை. மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

கடைசி அத்தியாயத்தை என் மகள் தனியாகப் படித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். படிப்பதை அவள் விடவில்லை. அது என் புண்ணியத்தால் அல்ல. ஆனால் படித்ததைப் பற்றி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். கேட்டால் "நல்லாருந்துச்சு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மார்க் போட முடியாது என்று அவளுக்குத் தெரியும். கிடாவைப் பற்றிய கேள்வியை அவளே ஆச்சியிடம் போனில் கேட்டிருக்கிறாள். மாமியார் கோபப்படவில்லை. வெகுநேரம் பேசினாராம். இதைக் கணவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஆச்சி என்ன சொன்னார் என்பதை மகள் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கும் உரிமையை இழந்துவிட்டேன்.

திட்டத்தில் பிழை இருந்தது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். புத்தகம் சரி, முறை சரி, வேகமும் சரி. பிள்ளை தானாகக் கற்றுக்கொள்வாள் என்று நான்தான் நம்பவில்லை. நம்பாமலே நம்புகிறவள் போல நாலு பேர் முன்னால் பேசினேன். பள்ளியாவது முதல் நாளே பரீட்சை உண்டு என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறது. நான் அதையும் மறைத்தேன். அந்த விஷயத்தில் நான் விட்டுவந்த பள்ளி என்னைவிட நேர்மையானது.

நோட்டை மகளிடமே கொடுத்தேன். பொய் சொன்னேன், தப்பு என் பேரில் என்றேன். வாங்கிக்கொண்டாள். பதில் சொல்லவில்லை. இப்போது சாயங்காலம் அவள் படிக்கும் நேரத்தில் நானும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே அறையில் உட்காருகிறேன். எதுவும் கேட்பதில்லை. பேனா வைத்துக்கொள்வதில்லை.

பையனின் அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் உள்ளறையில் இருந்தான். கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் சொன்னது கதைக்குள் இருந்தது, அது எனக்குத்தான் தெரியவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. இதை எழுதி அனுப்பும் முன்பாவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை.