நீலம் வாங்கப் போனோம்

தம்பிக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதென்றும், நடுவிரலில் நீலம் அணிதல் நன்றென்றும் ஊரிலிருந்து சோதிடர் எழுதியிருந்தார். கோள்களின் வலிமை பற்றி எங்கள் வீட்டிலேயே இரு கட்சிகள் உண்டு. ஆயினும் வாங்குவதென்று முடிவான பின், ஏமாறாது வாங்க வேண்டும் என்பதில் இரு கட்சியாரும் உடன்பட்டோம். மாதிரிக்கு இருக்கட்டுமென்று, 1964-இல் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தந்த நீல மோதிரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். மூன்று மாத ஊதியம் கொடுத்து வாங்கிய மோதிரம் என்று அம்மா இன்றும் பெருமையுடன் சொல்வதுண்டு.

மும்பையில் முதலில் நுழைந்த கடையில் ஐந்து ரத்திக் கல் ஒன்றைக் காட்டினர். ரத்தி என்பது நம் குன்றிமணிதான். விலை மலிவாகவே தோன்றியது. காரட் கணக்கில் நிறுத்துக் காட்டச் சொன்னபோது, கல் மூன்றே காரட் என்பது வெளிப்பட்டது. வடநாட்டுச் சந்தையில் இரண்டு ரத்திகள் வழங்குகின்றன; ஒன்று ஏறக்குறைய 0.18 கிராம், மற்றது 0.12 கிராம். பெரிய ரத்தியென்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்க, கடைக்காரர் சிறிய ரத்தியால் கணக்கிட்டிருந்தார். காரட்டோ எங்கும் 0.2 கிராம்தான். அன்று முதல் காரட்டில் அன்றி விலை கேட்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

பின்னர் உறவினர் திருமணத்தை முன்னிட்டு ஜெய்ப்பூர் செல்ல நேர்ந்தது. அங்கே ஜோஹரி பஜாரில் முதிய வணிகர் ஒருவர் எங்களுக்குக் கல் பார்க்கவே கற்பித்தார் எனலாம். விளக்கொளியில் பார்க்க அவர் விடவில்லை. சன்னலோரம் வெள்ளைத் தாளின்மீது கற்களைப் பரப்பினார். விளக்கின்கீழ் மயில் கழுத்தாய் மின்னிய கல்லொன்று பகலொளியில் எழுதும் மையைப் போல் கறுத்துவிட்டது. மற்றொன்று மேலிருந்து நோக்க முழுநீலம். பக்கவாட்டில் திருப்பினால், நிறம் முழுதும் அடிமுனையில் ஒரு பொட்டாகத் தேங்கி நின்றது. இது மோசடியன்று, பட்டை தீட்டுவோரின் வித்தை. ஆனால் விலை பேசுமுன் அறிந்திருக்க வேண்டும். வேறொரு கல்லை அச்சடித்த தாளின்மீது வைத்தார். அதன் நடுவே எழுத்தையே படிக்க முடிந்தது. ஆழமின்றி வெட்டிய கல்லில் ஒளி திரும்பி வராது கீழே ஒழுகிவிடுகிறது.

பிறகு சூட்டின் கதை. இலங்கையில் கெவுடா எனப்படும் பால்நிறக் கற்களை 1970-களில் தாய்லாந்து வணிகர் வாங்கிச் சென்று, உலையிலிட்டு நீலமாக்கினர். இன்று சந்தைக்கு வரும் நீலங்களில் பெரும்பாலானவை சுட்டவையே. சுட்ட கல்லும் மெய்க்கல்தான், நிறமும் நிலைக்கும். எனினும் ஒத்த நிறமுடைய சுடாத கல்லுக்கு விலை மிக அதிகம். வெறுங்கண்ணால் இவ்வேறுபாட்டை அறிய இயலாது; சோதனைச்சாலையின் சான்று வேண்டும். பாலில் இட்டால் பால் நீலமாகத் தோன்றும் என்ற சோதனையைச் சொன்னோம். முதியவர் சிரித்தார். "நீலக் கண்ணாடித் துண்டும் அதைச் செய்யுமே!"

இறுதியில், "இந்த நிறத்தில் வேண்டும்" என்று அம்மாவின் மோதிரத்தை நீட்டினோம். நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உருப்பெருக்கியை எங்களிடமே தந்தார். கல்லினுள் இசைத்தட்டின் வரிகள் போல வளைந்த கோடுகள் தெரிந்தன. மண்ணில் விளைந்த நீலத்தில் நிறவரைகள் நேராகவும் கோணமாகவுமே ஓடும். வளைந்தோடுபவை, வெர்னெய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1902-இல் வெளியிட்ட முறைப்படி, சுடரில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல்லுக்கு உரியவை. எத்தனை விலை கொடுத்தார்கள் என்று முதியவர் கேட்டார். மூன்று மாத ஊதியம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

சுடாத கல் எங்கள் கைக்கு எட்டவில்லை. சுட்டதென்று சான்றிலேயே எழுதிய மூன்று காரட் இலங்கை நீலம் ஒன்றைத் தம்பிக்கு வாங்கினோம். சற்று வெளிர்நிறம், ஆயினும் பகலொளியில் உயிருள்ளது.

வீடு திரும்பியதும் அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"என் கல் மாதிரி நிறம் கிடைக்கவில்லையா?"

"அதைப் போல எங்கும் கிடைக்கவில்லை, அம்மா" என்றோம்.

மோதிரத்தை வாங்கி முந்தானையால் துடைத்து, மீண்டும் விரலில் அணிந்துகொண்டார்.