பௌர்ணமிக்கு விடுப்பு இல்லை

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பூக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்குப் பிரசவ விடுப்பை யார் தருவது?

மகப்பேறு நலச் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. இரண்டுக்கும் ஒரு முதலாளி வேண்டும், பூக்கடைக்கோ இவரே முதலாளி! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் ஏழைத் தாய்மாருக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட, 18,000 ரூபாய் மதிப்பில் உதவுகிறது. நல்ல திட்டம்தான். கடை வாடகை அதன் கணக்கில் இல்லை.

உடம்பு தேற ஆறு வாரமாவது ஆகும். திருவண்ணாமலையில் அதற்குள் ஒரு பௌர்ணமியாவது வந்துவிடும். 14 கிலோமீட்டர் பாதையும் நிரம்பிவிடும். அந்த இரவை விட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதம். சிசேரியன் என்றால் பூக்கூடையைத் தூக்கவும் கூடாது. அம்மாவோ மாமியாரோ கல்லாவில் உட்கார்ந்தால்தான் பத்தியச் சாப்பாடு நிம்மதியாக இறங்கும்.

2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது அரசு. பேருந்துக்குக் காத்திருப்பவருக்குச் சரி, கடையை விட்டு நகர முடியாதவருக்கு?