ஷிஃப்டை அமுக்குங்க சித்தப்பா

பேட்டை தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா காலையிலேயே போன்: "ஏல, தண்டர்பேர்டு தொறந்த ஒடனே மூடிக்கிடுது. பத்து வருச மெயிலும் போச்சாடே?"

"எங்கயும் போகாது சித்தப்பா. ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே தொறங்க."

ஆட்-ஆன்களை ஒதுக்கிவிட்டுத் திறக்கும் வழி அது. திறந்துவிட்டது! அப்படியென்றால், அவர் எப்போதோ சேர்த்த ஆட்-ஆன் ஒன்றுதான் வில்லன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில் மூன்றாவது மாட்டியது.

உங்களுக்கும் இப்படி ஆனால், அவசரப்பட்டு மென்பொருளை அழித்து மறுபடி போடாதீர்கள். மெயிலும் செட்டிங்கும் இருப்பது புரொஃபைல் ஃபோல்டரில். கோளாறு அங்கே இருந்தால் புதிதாகப் போட்டாலும் தொடரும். முதலில் அந்த ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

எனக்குக் கூலி? "ஞாயித்துக்கெழம வாடே, சித்தி பனங்கெழங்கு அவிக்கா."